ஏலகிரி வளைவில் மட்டும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு எரிகிறது, சென்சார் மாற்றியும் போகவில்லை

குடியாத்தம்காரன்:

வணக்கம். வண்டி 2019 பெட்ரோல், மேனுவல் கியர். செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது, இப்போது 71,000 கிலோமீட்டர். இரண்டு மாதமாக ஒரு பிரச்சினை தீரவே மாட்டேன் என்கிறது, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஆயுத பூஜை லீவில் குடும்பத்தோடு ஏலகிரி போனோம். பொன்னேரி கூட்ரோட்டில் திரும்பி மலை ஏற ஆரம்பித்து மூன்றாவதோ நாலாவதோ கொண்டை ஊசி வளைவில் மீட்டரில் கார் சறுக்குகிற மாதிரி படம் போட்ட மஞ்சள் விளக்கு (டிராக்‌ஷன் கன்ட்ரோல்) எரிந்தது, கூடவே பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ்ஸின் விளக்கும். மேலே போய் வண்டியை ஆஃப் செய்து ஆன் செய்தேன், போய்விட்டது. இறங்கும்போது மறுபடி அதே கதை. வீட்டுக்கு வந்ததும் இங்கே ஒரு ஷெட்டில் ஸ்கேனர் போட்டார்கள், சி0040 என்ற கோளாறுக் குறியீடு (கோடு), முன் வலது சக்கர ஸ்பீடு சென்சார் என்று வந்தது. சென்சார் புதிது போட்டார்கள், 2,800 ரூபாய், கூலி தனி. மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாவது நாள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வேலூர் போய்விட்டுப் பார்க்கிங்கிலிருந்து வண்டியைத் திருப்பி எடுக்கும்போது மறுபடி இரண்டு விளக்கும் எரிந்தன. அதே கோடு.

கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாகத்தான் போய் வருவேன், ரோட்டில் ஓடும்போது ஒருநாளும் எரிந்ததில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை: ஏலகிரி போவதற்கு ஒரு மாதம் முன்னால் அதே முன் வலது சக்கரத்தில் உறுமல் சத்தம் வந்து பேரிங் மாற்றினேன்.

சர்வீஸ் சென்டரில் ஏபிஎஸ்ஸை இயக்குகிற யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று 48,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஷெட்காரரோ, பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள் என்கிறார். அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், விடியற்காலை கிளம்ப வேண்டும், மழையானாலும் போயே ஆக வேண்டும். இந்த வண்டியை நம்பித்தான் இருக்கிறேன். 48,000 செலவு செய்யவும் தயக்கம், ஃபியூஸைப் பிடுங்கவும் பயம்.

ஆம்பூர் டிரைவர்:

முதலில் ஒன்று சொல்லுங்கள், சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிகிறதா? மஞ்சள் இரண்டு மட்டும் என்றால் சாதாரண பிரேக் இருக்கும், சக்கரம் லாக் ஆகாமல் காப்பாற்றுகிற வேலைதான் நடக்காது. இடைவெளி விட்டு நிதானமாக ஓட்டலாம். சிவப்பும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. முன் பின் சக்கரங்களுக்கு பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கிற இபிடியும் போயிருக்கலாம், வேகத்தில் பிரேக் அடித்தால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும். பிரேக் ஆயில் குறைந்தாலும் அந்த சிவப்பு எரியும். அப்படி எரிந்தால் அப்பாவை ஏற்றாதீர்கள், வாடகை வண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னது தப்பு. நான் மலை ரோடு, ஹைவே இரண்டும் ஓட்டுகிறவன். மழையில் பள்ளிகொண்டா பக்கம் முன்னால் போன லாரி திடீரென்று நின்றபோது ஏபிஎஸ் இருந்ததால்தான் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பித் தப்பித்தேன். ஒரு விளக்குத் தொல்லைக்காக அந்த ஒன்றை விட்டுவிடலாமா?

குடியாத்தம்காரன்:

சிவப்பு எரியவில்லை அண்ணா, மஞ்சள் இரண்டு மட்டும்தான். பிரேக் ஆயிலும் பார்த்தேன், மேக்ஸ் கோட்டில் இருக்கிறது.

சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன்:

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. லத்தேரி ரோட்டில் அவ்வளவு தூரம் ஓடியும் எரியாத விளக்கு, மலை வளைவிலும் பார்க்கிங்கிலும் எரிகிறது. இரண்டு இடத்துக்கும் பொதுவானது என்ன? ஸ்டியரிங்கை ஃபுல் கட் அடிக்கிறீர்கள். திருப்பும்போது அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து ஏதோ ஒன்று இழுபடுகிறது. யூனிட் இருப்பது பானெட்டுக்குள் அசையாத இடத்தில், நீங்கள் ஸ்டியரிங் திருப்புவது அதற்கு எப்படித் தெரியும்?

கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே விஷயத்துக்கு வாரம் ஒரு வண்டியாவது வருகிறது, பாதிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு சாமானை மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். சக்கரம் சுற்றுவதைப் பார்க்க டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கென்று தனி சென்சார் கிடையாது. ஏபிஎஸ்ஸுக்கு நாலு சக்கரத்திலும் இருக்கிற அதே ஸ்பீடு சென்சார்தான். எஞ்சின் இழுக்கிற சக்கரம் மற்ற சக்கரங்களை விட வேகமாகச் சுற்றினால் வழுக்குகிறது என்று புரிந்துகொண்டு அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும், கூடவே எஞ்சின் கம்ப்யூட்டரிடம் இழுவையைக் குறைக்கச் சொல்லும். அப்போது விளக்கு மினுக் மினுக் என்று அடிக்கும். அது கோளாறு இல்லை, வேலை செய்கிறது என்று அர்த்தம். நின்று எரிந்தால்தான் கோளாறு, இல்லாவிட்டால் யாரோ ஆஃப் பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். ஒரு சக்கரத்தின் கணக்கு வராவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் ஏபிஎஸ், டிராக்‌ஷன் இரண்டுமே ஒதுங்கிக்கொள்ளும், அதனால்தான் உங்களுக்கு இரண்டு விளக்கு.

சி0040 என்றால் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. முன் வலது சக்கரத்திலிருந்து வர வேண்டிய சிக்னல் ஒழுங்காக வரவில்லை, அவ்வளவுதான் அந்தக் கோடு சொல்கிறது. அந்தச் சிக்னல் வருகிற வழியில் பேரிங்கில் இருக்கிற வளையம், சென்சார், சென்சாரின் வயர், அந்த வயரைப் பாடி வயரோடு சேர்க்கிற கப்ளர், அங்கிருந்து பாடி வயரிங், கடைசியில் யூனிட் என்று இத்தனை இருக்கிறது. எதில் விட்டாலும் அதே கோடுதான். உங்கள் ஷெட்டில் கோடைப் பார்த்ததும் சென்சாரை மாற்றினார்கள், சர்வீஸ் சென்டரில் அதே கோடு திரும்ப வந்ததும் வழியின் மறுகோடிக்குப் போய் யூனிட் என்றுவிட்டார்கள். நடுவில் இருப்பதை யாரும் தொடவில்லை.

புது சென்சார் போட்டு மூன்று நாள் நன்றாக இருந்தது என்றீர்களே, அதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். சென்சார் மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மறுபடி மாட்டியிருப்பார்கள். உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கழற்றி மாட்டியதில் கொஞ்சம் உராய்ந்து தற்காலிகமாக கனெக்‌ஷன் கிடைத்திருக்கும். என் சந்தேகம் கப்ளர் மேல்தான்.

எதையும் வாங்காமல் ஒரு சோதனை செய்யுங்கள். ஏபிஎஸ்ஸுக்குள் போகிற ஸ்கேனர் உள்ள ஆளைப் பிடியுங்கள். ஃபோனில் மாட்டுகிற மலிவான இஎல்எம்327 பெரும்பாலும் எஞ்சின் கோடு மட்டும்தான் படிக்கும், சி என்று தொடங்குகிற கோடுகள் அதற்கு எட்டாது. லைவ் டேட்டாவில் நாலு சக்கர வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலி மைதானத்தில் 10, 15 கிலோமீட்டர் வேகத்தில் முதலில் நேராக ஓட்டுங்கள், நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் இடது பக்கம் ஃபுல் கட் அடித்து வட்டம் சுற்றுங்கள், அப்புறம் வலது பக்கம். இடது வட்டத்தில் வலது சக்கரங்கள் வெளி வட்டத்தில் ஓடுவதால் அவை கொஞ்சம் அதிகமாகத்தான் காட்ட வேண்டும். அதில் முன் வலது மட்டும் பொசுக்கென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கண்டுபிடித்தாகிவிட்டது. ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் திரையைப் பார்க்க வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. யாராவது சென்சாரில் மீட்டர் வைத்து ஓம்ஸ் (மின் தடை) பார்க்கிறேன் என்றால் விடாதீர்கள். பழைய வண்டிகளில் சுருள் சென்சார், அதில் பொதுவாக 1,000, 2,000 ஓம்ஸ் என்று காட்டும், அது சரியான முறைதான். இந்தக் காலத்து வண்டியில் இருப்பது கரண்ட் கொடுத்தால்தான் வேலை செய்கிற சென்சார், வயர் இரண்டுதான், ஆனால் 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாறி மாறித்தான் சிக்னல் கொடுக்கும். அதில் ஓம்ஸ் அளந்து ஒன்றும் தெரியாது. அதை விட மோசம், மீட்டர் முள்ளை கப்ளருக்குள் குத்திக் குத்தி உள்ளே இருக்கிற குழல் மாதிரியான உலோகப் பின் விரிந்துவிடும். அப்புறம் புது சென்சார் போட்டாலும் லூஸ்தான். இதை நான் எத்தனை வண்டியில் பார்த்துவிட்டேன்.

காட்பாடி ஹப்:

அண்ணா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் பேரிங் மாற்றியிருக்கிறார் என்பதை விட்டுவிடக் கூடாது. இப்போது பல வண்டிகளில் பல் சக்கர வளையம் கிடையாது, பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும், வடக்கு தெற்கு வடக்கு தெற்கு என்று மாறி மாறி. கண்ணுக்குச் சாதாரண கறுப்பு ரப்பர் சீல் மாதிரிதான் தெரியும். அதைத் தெரியாமல் பேரிங்கைத் திருப்பிப் போட்டு பிரஸ்ஸில் அடித்துவிட்டால் காந்தப் பக்கம் வெளியே போய்விடும், சென்சாருக்கு எதிரில் ஒன்றுமே இருக்காது. காந்தமே இல்லாத பேரிங்கை விலை குறைவு என்று போட்டுவிடுவதும் உண்டு. அதைப் பார்க்கப் பச்சை நிறக் காந்தத் தாள் விற்கிறார்கள், சீல் மேல் வைத்தால் கோடு கோடாகத் தெரியும். அது இல்லாவிட்டால் குண்டூசியைப் பக்கத்தில் கொண்டு போனால் லேசாக ஒட்டுகிறதா என்று பார்க்கலாம், ஆனால் காந்தம் இல்லாத இரும்பில் ஒட்டாது என்பதை வேறு இடத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன்:

நல்ல விஷயம் சொன்னீர்கள், பேரிங்கைப் போடுவதற்கு முன்னாலேயே எல்லா ஷெட்டிலும் பார்க்க வேண்டியது இது. ஆனால் இவர் வண்டிக்குப் பொருந்தவில்லை. திருப்பிப் போட்டிருந்தால் அன்றைக்கே, வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்திலேயே விளக்கு வந்திருக்கும், நேர் ரோட்டிலும் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். இவருக்கு ஒரு மாதம் ஓடியிருக்கிறது. பேரிங் வேலை வேறு வழியில் சம்பந்தப்பட்டிருக்கலாம்: பேரிங் உட்கார்ந்திருக்கிற நக்கிளைக் கழற்றும்போது சென்சார் வயரை ஷாக் அப்சார்பரோடு பிடித்திருக்கிற கிளிப்பைக் கழற்றியே ஆக வேண்டும், பிளாஸ்டிக் கிளிப் என்றால் உடைந்திருக்கும், உடைந்தால் அப்படியே தொங்கவிட்டிருப்பார்கள்.

ராணிப்பேட்டை பெல்:

என் அனுபவமும் யாருக்காவது உதவட்டும். என் வண்டியில் டிராக்‌ஷன் விளக்கு மட்டும் எரிந்தது, ஏபிஎஸ் எரியவில்லை, எஞ்சின் விளக்கும் சேர்ந்திருந்தது. நான் சக்கரம் சக்கரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு இக்னிஷன் காயில், அதனால் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஸிங். எஞ்சினை நம்ப முடியாவிட்டால் இழுவையைக் குறைக்கச் சொல்ல முடியாது என்பதால் டிராக்‌ஷன் தன்னை அணைத்துக்கொள்கிறது, காயில் மாற்றியதும் இரண்டு விளக்கும் போயின. அதனால் பி என்று தொடங்குகிற எஞ்சின் கோடு கூட இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும்.

நண்பர் ஒருவருக்கு பிரேக் பெடல் மேலே இருக்கிற சின்ன ஸ்விட்ச்தான் கோளாறு. பின்னால் பிரேக் லைட் சில நேரம் எரியாது, அதே ஸ்விட்ச் கொடுக்கிற தகவலை வைத்துத்தான் வண்டி தடம் மாறிச் சறுக்காமல் பார்க்கிற ஸ்டெபிலிட்டி சிஸ்டமும் ஓடுகிறது. அப்புறம் கழனி ஓரம் வண்டி நிறுத்துகிறவர்கள் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று ஒருதடவை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், நெல் அறுப்பு முடிந்ததும் எங்கள் பக்கம் இது நிச்சயம் நடக்கும்.

குடியாத்தம்காரன்:

ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டேன். தெரிந்த தம்பி ஒருவர் ஏபிஎஸ் படிக்கிற ஸ்கேனர் வைத்திருக்கிறார், அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு காலி மைதானத்துக்குப் போனேன். நேராக ஓட்டினால் 14, 14, 14, 14. வலது வட்டம், ஒன்றும் இல்லை, உள் சக்கரம் குறைவாக, வெளிச் சக்கரம் அதிகமாக ஒழுங்காகக் காட்டியது. இடது வட்டம் ஃபுல் கட், முதல் சுற்றில் ஒன்றும் இல்லை, இரண்டாவது சுற்றில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன் வலது பூஜ்யம். மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன, இது மட்டும் பூஜ்யம். உடனே இரண்டு விளக்கும் எரிந்தன. அந்தத் தம்பி, அண்ணா விழுந்துவிட்டது, விழுந்துவிட்டது என்று கத்தினார். எனக்கு இரண்டு மாதப் பாரம் பாதி இறங்கிய மாதிரி இருந்தது.

இனி எங்கே கை வைக்க வேண்டும்?

சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன்:

ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, சக்கரத்தைக் கழற்றிச் சென்சார் வயரை அடியிலிருந்து தொடர்ந்து பாருங்கள். எங்கே விறைப்பாக இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். மட்கார்டு லைனரை விலக்கினால் கப்ளர் இருக்கும். கப்ளரைக் கழற்றி, வெள்ளையோ பச்சையோ களிம்பு இருக்கிறதா, உள்ளே இருக்கிற உலோகப் பின் பின்பக்கமாகத் தள்ளிப் போயிருக்கிறதா, ரப்பர் சீல் இருக்கிறதா பாருங்கள். பாடி பக்க கப்ளரில் வோல்டேஜ் பார்ப்பதென்றால் இக்னிஷனை ஒருதடவை ஆஃப் செய்து ஆன் செய்த பிறகு பாருங்கள், கோளாறு பதிவானதும் சில யூனிட் சப்ளையை நிறுத்திவிடும், அதைப் பார்த்து யூனிட் போய்விட்டது என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. பின்னுக்குள் முள்ளைக் குத்தாமல் மேலோட்டமாகத் தொட்டுப் பாருங்கள்.

பின் விரிந்திருந்தால் பின்னை மட்டும் மாற்றலாம். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றாதீர்கள், சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீரும் சேறும் அடிக்கிற இடம், ஒரு மழைக்காலம் தாங்காது.

ஆற்காடு மணல்:

இடையில் ஒரு கேள்வி, தனியாகத் தொடங்க வேண்டாமென்று இங்கேயே கேட்கிறேன். பாலாற்று மணலில் வண்டி சிக்கியபோது ஆக்சிலேட்டர் அழுத்தினாலும் எஞ்சின் எழும்பவே இல்லை, விளக்கு அடித்துக்கொண்டே இருந்தது. இதுவும் கோளாறா?

ஆம்பூர் டிரைவர்:

இல்லை, அது அதன் வேலையைச் செய்திருக்கிறது. சக்கரம் வழுக்குகிறது என்று இழுவையைக் குறைத்துக்கொண்டே இருக்கும், மணலில் கொஞ்சம் சுற்றவிட்டால்தான் வண்டி வெளியே வரும். ஆஃப் பட்டனை அழுத்தி வண்டியை எடுத்துவிட்டு, ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள்.

குடியாத்தம்காரன்:

முடிந்தது. அண்ணா சொன்ன மாதிரியே இடது கட் அடித்து வைத்துப் பார்த்தால் வயர் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நிற்கிறது. ஷாக் அப்சார்பரில் இருக்க வேண்டிய கிளிப்பே இல்லை, உடைந்த அடித்துண்டு மட்டும் ஓட்டையில் இருந்தது. அந்த இழுப்பு முழுக்க கப்ளர் மேல்தான் விழுந்திருக்கிறது. கப்ளரைக் கழற்றினால் பாடி பக்கத்து இரண்டு பின்னில் ஒன்று பச்சைப் பசேல் என்று இருந்தது, இன்னொன்று வாய் விரிந்து பின்னால் தள்ளியிருந்தது, ரப்பர் சீல் பாதி வெளியே. இரண்டு பின்னும் புதிது, கிளிப் புதிது, சுத்தம் செய்து சீலை ஒழுங்காக உட்கார வைத்ததோடு கூலியும் சேர்த்து 650 ரூபாய்.

கோடை அழித்ததும் விளக்கு போகவில்லை, ஒரு நிமிஷம் மனசு உடைந்துவிட்டது. அந்தத் தம்பிதான் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், சக்கரம் எல்லாம் சுற்றுவதைப் பார்த்த பிறகுதான் அணையும் என்றார். கொஞ்ச தூரம் போனதும் இரண்டும் அணைந்தன. அதே மைதானத்தில் இடது வட்டம் பத்துத் தடவை, பள்ளத்தில் இறங்கி ஏறி, ஒன்றும் விழவில்லை. அப்புறம் வேண்டுமென்றே ஏலகிரிக்குப் போனேன், 14 வளைவும் ஏறி இறங்கிவிட்டேன். நேற்று விடியற்காலை நல்ல மழை, அப்பா பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார், ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் அதே இடத்தில் ஃபுல் கட் அடித்துத் திருப்பினேன், மீட்டரில் மஞ்சள் எதுவும் இல்லை.

சத்துவாச்சாரி அண்ணா, கழற்றிய பழைய சென்சாரை ஷெட்டில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அது நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு இல்லையா?

சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன்:

நன்றாகத்தான் இருக்கும் தம்பி. முனையைத் துணியில் துடைத்து, பாலிதீன் கவரில் போட்டு டிக்கியில் வையுங்கள், ஸ்பேராக இருக்கட்டும். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.